முட்டிக்குக் கீழே தலையணை

பிப்ரவரி 11, செவ்வாய்

கடையில் இன்றைக்கும் கால் கடுக்க நின்றதுதான் மிச்சம். ஒரு பெண்மணி, இருக்கிற திரைத்துணி அத்தனையையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள். வீட்டில் கேட்க வேண்டியதை வீட்டிலேயே கேட்டுக்கொண்டு வந்திருக்கலாம். அத்தனையையும் சுருட்டி, ஏணியில் ஏறித் திரும்ப அடுக்கியது நான். ஏறும்போது வலது முட்டி உள்ளுக்குள் ஒரு சத்தம் போட்டது. முதலாளிக்கே கேட்டிருக்கும். அவர் கேட்டும் கேட்காத மாதிரி பில் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் மூன்று மாடி. என் வீட்டுக்காரர் லிப்ட் ரிப்பேர் செய்கிறவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் லிப்ட் இவர் கைபட்டு ஓடுகிறது, எங்கள் கட்டடத்தில் லிப்டே கிடையாது. இதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோது சிரிப்பு வரவில்லை.

கதவைத் திறந்தார். என் காலைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

முன்பெல்லாம் சாயங்காலம் இரண்டு பேரும் ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருவோம். நான் பேசிக்கொண்டே வருவேன், அவர் கேட்டுக்கொண்டே வருவார். முட்டி தேய ஆரம்பித்ததும் நான் பின்தங்கினேன். கொஞ்ச நாள் நின்று நின்று கூட்டிப்போனார். அப்புறம் கூப்பிடுவதை விட்டுவிட்டார். வீட்டிலும் பேச்சு குறைந்துபோனது அதற்குப் பிறகுதான். எல்லாம் இந்தப் பாழாய்ப்போன முட்டியால் வந்தது. இது மட்டும் சரியாகட்டும், அவரை மறுபடி பாலத்துக்கு இழுத்துக்கொண்டு போவேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தனியாகப் பாலத்துக்குப் போய்விட்டு வந்தார். காற்று நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "ம்" என்றார். இன்றைய பேச்சு இவ்வளவுதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாடிப்படியில் விழுந்துவிட்டேன். பெரிய அடி ஒன்றும் இல்லை, கை சிராய்ப்பு, மானம்தான் போனது. இரண்டாவது மாடிக்காரி ஓடிவந்து தூக்கிவிட்டாள். முட்டி வீங்கி, கால் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இன்றைக்குக் காலையில்தான் இவர் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்கிட்ட ஒண்ணு பேசணும்" என்றார். பால் வாங்கிவிட்டு வந்து பேசலாம் என்று நான் இறங்கினேன், விழுந்தேன். பிறகு, என்னமோ பேசணும் என்றீர்களே என்று கேட்டேன். என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல இதைப் பாப்போம்" என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். உள்பக்கம் மொத்தமாகத் தேய்ந்து எலும்பும் எலும்பும் உரசுகிறதாம். வெளிப்பக்கம் நன்றாகவே இருக்கிறதாம். அதனால் முழு மூட்டையும் மாற்றத் தேவையில்லை. கெட்டுப்போன பக்கத்துக்கு மட்டும் மேலேயும் கீழேயும் உலோகம் வைத்து, நடுவில் பிளாஸ்டிக் துண்டு ஒன்று. மீதி எல்லாம் என் சொந்தச் சரக்கு. "நல்லா இருக்கற பாதிய எதுக்கும்மா வெட்டி எறியணும்?" என்றார்.

அப்படியானால் இது அரைகுறை ஆபரேஷனா என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார், நர்ஸ் சிரித்தாள். இவர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் கூட ஆள் இருக்க வேண்டும், முதல் சில வாரங்கள் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். மகள் வெளியூரில், கைக்குழந்தையோடு. நான் கடையில் கூட வேலை பார்க்கிறவளைக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இவர் ரொம்ப நேரம் கழித்து, "நான் இருக்கேன்" என்றார்.

எழுதும்போதே கண் கலங்குகிறது. பைத்தியக்காரி நான். கட்டினவர் இருக்கிறேன் என்று சொன்னதற்கு இவ்வளவு சந்தோஷமா?

மார்ச் 3, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டில். நாளைக்கு ஆபரேஷன். வலது காலில் பேனாவால் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார்கள். இத்தனை படித்தவர்களுக்கும் வலது இடது சந்தேகம் வரும் போலிருக்கிறது.

எல்லாம் சரியானதும் பாலத்துக்குப் போகலாமா என்று இவரிடம் கேட்டேன். "மொதல்ல நட" என்றார்.

மார்ச் 6, வியாழன்

வெட்டிய அன்றைக்குச் சாயங்காலமே எழுப்பி நிற்கவைத்துவிட்டார்கள். நின்றேன். அம்மா என்று கத்தினேன், அவள் போய் எத்தனை வருஷமாகிறது. இவர் ஒரு பக்கம், நர்ஸ் ஒரு பக்கம். அவர் தோளில் கை போட்டு எத்தனை காலம் ஆயிற்று. வலியிலும் அதைக் கவனித்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தேன். மூன்று மாடியையும் ஏற வேண்டியிருந்தது. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் அரை மயக்கத்தில் கேட்டது, எல்லாம் மறந்துபோயிற்று. இவருக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு படிக்கும் பின்னால் நின்று "நல்ல கால்… இப்போ அந்தக் கால்… குச்சி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்தபடி. கனமான மோட்டாரை ஏற்றும்போது இப்படித்தான் நிற்பார் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்து, "குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

ஆமாம் என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

பயிற்சி கொடுக்கிற பெண் வீட்டுக்கே வருகிறாள். சின்னப் பெண், குரல் மட்டும் போலீஸ். வாயைத் திறந்தால் "மடக்குங்கம்மா, இன்னும் மடக்குங்க". அதனால் அவளுக்கு மடக்கு என்று பேர் வைத்துவிட்டேன். இவரிடம் சொன்னேன், உதடு ஓரத்தில் சிரிப்பு வந்தது மாதிரி இருந்தது.

கட்டிலில் குதிகாலைத் தேய்த்து இழுக்க வேண்டும். முட்டியைக் கீழே அழுத்திக்கொண்டு கால் விரல்களை மேலே இழுக்க வேண்டும். பிறகு ஐஸ் பை. இவையெல்லாம் சரி. ஒரு விஷயத்தைத்தான் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்: முட்டிக்குக் கீழே தலையணை வைக்கவே கூடாது. வைத்தால் சுகமாக இருக்கும், வலி அடங்கின மாதிரி இருக்கும். ஆனால் முட்டி அந்த வளைவிலேயே இறுகிவிடுமாம். அப்புறம் நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.

அவள் போனதும் இவர் சோபாவில் இருந்த சின்னத் தலையணைகளை எல்லாம் எடுத்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

மார்ச் 22, சனி

இன்றைக்கு எனக்குத் தலை குளிப்பாட்டிவிட்டார்.

குளியலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் சுற்றி, தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லி. கிரீஸ் படிந்து காய்த்துப்போன கை. ஆனால் எவ்வளவு மெதுவாக. சோப்பு கண்ணில் படாமல் நெற்றியில் ஒரு கையை வைத்து மறைத்துக்கொண்டார். மகளைச் சின்ன வயதில் அப்படித்தான் குளிப்பாட்டுவார்.

நான் உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்கிறேன் என்று சொன்னேன். அவர் துண்டால் துவட்டிக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ உன் சொந்தக் கால்ல நின்னா போதும் எனக்கு" என்றார்.

பாதி உலோகம், இது எப்படிச் சொந்தக் கால் ஆகும் என்று கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டார். நிஜமாகவே சிரித்துவிட்டார்.

இந்த முட்டி இன்னும் முன்னாலேயே கெட்டுப்போயிருக்கலாம்.

மார்ச் 29, சனி

மடக்கு என்னை மெச்சினாள். அவளிடம் வருகிறவர்களில் இவ்வளவு சீக்கிரம் தேறியது நான்தானாம். வீட்டுக்காரரும் ஒரு காரணம் என்றாள். "ஒவ்வொரு வாட்டியும் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவிடும்போது கேக்கறார்மா, எப்போ இவங்க தனியா எல்லாம் பண்ணிப்பாங்கன்னு. இவ்ளோ அக்கறையா கேக்கறவங்கள நான் பாத்ததே இல்ல."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளுக்கு டீ போட்டுக் கொடுத்ததும் நானே. குச்சி இல்லாமல் அடுப்பு வரைக்கும் போனேன். இவர் பார்த்துக்கொண்டே நின்றார். எப்படி என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

இன்னும் வேகமாகத் தேறிக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

மகள் போன் செய்தாள். மாடிப்படி இறங்கி ஏறிவிட்டேன், அப்பா பின்னால் வந்தார், ஆனால் தொடவே இல்லை, நானே ஏறினேன் என்று பீற்றிக்கொண்டேன். அவள் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தாள். அப்புறம்,

"அப்போ… அப்பா உங்கிட்ட பேசிட்டாராம்மா?"

எதைப் பற்றி என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றும் இல்லாததற்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். அதட்டினேன். எல்லாம் வந்துவிட்டது.

இவர் தனியாகப் போய் இருக்கப்போகிறாராம். ஒர்க்‌ஷாப் பக்கத்தில் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறாராம். ஜனவரியிலேயே அவளிடம் சொல்லிவிட்டார். ஜனவரி. நான் ஏணி மேல ஏறி இறங்கிக்கிட்டு இருக்கேன், இங்க எல்லாம் முடிவாகியிருக்கு. என்னிடம் பேச வந்த அன்றைக்குத்தான் நான் விழுந்தேன். "அம்மா நல்லா நடக்கட்டும், அது வரைக்கும் வாயத் தொறக்காதேன்னு சொன்னார்மா. நான் என்ன பண்ணட்டும்?"

யாருடி அவள் என்று கேட்டேன். யாரும் இல்லை என்றாள். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று அவருக்குப் பரிந்துகொண்டு வேறு வருகிறாள். தெரியும் எனக்கு, அப்படிப்பட்டவர் இல்லை. ஒருத்தி இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே. அவளைத் திட்டியாவது தீத்திருப்பேனே. யாருமே இல்லாத அறைக்குப் போறார்னா, என்னை விட அந்த வெறும் அறை மேல்னுதானே அர்த்தம்?

சொந்தக் கால்ல நின்னா போதும். எப்போ தனியா எல்லாம் பண்ணிப்பாங்க. அடக் கடவுளே. நான் அதை எப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நன்றாக நடந்து காட்டினேனே. குச்சியைப் போட்டேனே. வாசக் கதவைத் தொறந்து விட்டதே நான்தானே.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையில் எழுந்ததும் குச்சியை எடுத்துக்கொண்டேன். என்னாயிற்று என்றார். வலிக்கிறது என்றேன். எங்கே என்று கேட்கவில்லை. ஐஸ் பை கொண்டுவந்தார்.

அவர் வெளியே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரி மேலிருந்து ஒரு தலையணையை எடுத்தேன். ஒரு நாற்காலியில் ஏறி இறங்கத் தெம்பு இருக்கிறவள், தெம்பு இல்லாமல் ஆவதற்காக ஏறினேன். முட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். மடக்கு சொன்னது சரிதான். எவ்வளவு சுகம்.

ஏப்ரல் 16, புதன்

பகலில் தலையணை. அவர் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் போர்வைக்குள் தள்ளிவிடுகிறேன். பயிற்சி எல்லாம் ஆச்சா என்று கேட்டால் ஆச்சு. இந்த வயதில் ஹோம்ஒர்க் செய்யாமல் ஏமாற்றுகிறேன்.

அவர் ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. லீவை நீட்டித்தார், அரைநாள் மட்டும் வேலைக்குப் போகிறார். காய் நறுக்குகிறார், துணி காயப்போடுகிறார். சாயங்காலம் என் காலை மடியில் வைத்து ஐஸ் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் பேசிப் பேசித்தான் இவரை விரட்டிவிட்டேனோ என்று நினைத்து, சில நாளாக வாயைக் கட்டிக்கொண்டு இருந்து பார்த்தேன். "காய்ச்சல் எதாவது அடிக்குதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்படியே இருந்துவிட்டால் என்ன? நொண்டிக்கொண்டே இருந்துவிட்டால் என்ன? எத்தனை பேர் நொண்டிக்கொண்டு உயிர் வாழ்கிறார்கள். புருஷன் இருப்பானே.

ஏப்ரல் 24, வியாழன்

மடக்கு வந்தாள். காலைப் பிடித்து மடக்கினாள், பாதியிலேயே நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினாள், நான் அலறினேன். இந்தத் தடவை நடிப்பு இல்லை. அவள் முகம் மாறிவிட்டது. போன தடவைக்கு முந்தின தடவை குதிகால் கட்டிலுக்குக் கீழே போனதே, இப்போது என்ன இப்படி என்றாள்.

இவரை ஐஸ் எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"தலையணை வெக்கறீங்களா?"

இல்லை என்றேன். நம்பவில்லை. இப்படியே போனால் டாக்டர் மறுபடி மயக்க மருந்து கொடுத்துக் காலை அமுக்கி மடக்க வேண்டியிருக்கும், அப்போதும் பழையபடி வரும் என்று சொல்ல முடியாது என்றாள். பிறகு குரலை இன்னும் தாழ்த்தி, "வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா முட்டி யாருக்காகவும் காத்திருக்காது. அது பாட்டுக்கு இறுகிடும்" என்றாள்.

மகளைவிடச் சின்னவள். அவள் முன்னால் தலை நிமிர முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

தெரு முனை வரைக்கும் நடத்திப் பார்க்கலாம் என்று இவர் சொன்னார். எனக்குக் குனிந்து ஷூ போட முடியவில்லை, இப்போது உண்மையாகவே முடியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்து, என் காலை எடுத்து மாட்டி, கயிற்றைக் கட்டினார். மேலிருந்து அவர் உச்சந்தலையைப் பார்த்தேன். நடுவில் முடி கொட்டி வட்டமாகத் தெரிகிறது. இதெல்லாம் எப்போது ஆனது?

கயிற்றை இழுத்து முடிந்தார், இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். என்னைக் கேட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் கண் முட்டியின் மேல் இருந்தது. வீங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா, எவ்வளவு மடங்குகிறது. லிப்ட் எப்போது ஓடும் என்று பார்க்கிற பார்வை. நான் அவர் முகத்துக்கு நேரே என் முகத்தைக் கொண்டுபோனேன். அவர் எழுந்து குச்சியை எடுக்கப் போய்விட்டார்.

இத்தனை வாரமாக இவர் குடித்தனம் நடத்தியது என் முட்டியோடு. என்னோடு இல்லை. தலை குளிப்பாட்டியது, ஐஸ் வைத்தது, சிரித்தது, எல்லாம் அந்தப் படத்தில் தெரிந்ததே, அந்தத் தேய்ந்த இடத்துக்கு. காலை நானே உடைத்துப் போட்டுக்கொண்டாலும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாரே தவிர, என்னோடு இருக்க மாட்டார்.

தெரு முனை வரைக்கும் போகவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

தலையணையைத் திரும்ப அலமாரி மேலே போட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

குதிகாலை இழுக்க இழுக்க உயிர் போகிறது. அவர் இல்லாத நேரத்தில்தான் செய்கிறேன். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு செய்கிறேன். அழுகை எதற்கு வருகிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டேன். என்ன வாழ்க்கை இது? கட்டினவர் வீட்டை விட்டுப் போவதற்காகப் பொண்டாட்டி படாத பாடு படுகிறாள்.

வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

இல்லை. மடக்கு. இன்னும் மடக்கு.

மே 7, புதன்

இன்றைக்குக் குதிகால் கட்டிலுக்குக் கீழே போயிற்று. மடக்கு கையைத் தட்டினாள். நானும் தட்டினேன். அவள் போனதும் சமையலறையில் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மே 17, சனி

சொல்லிவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து அவர் மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் டீ போட்டேன். இரண்டு கையிலும் இரண்டு கோப்பை, குச்சி இல்லை, நொண்டல் இல்லை. கொண்டுபோய் வைத்தேன். எதிரில் உட்கார்ந்தேன். முட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் மடங்கியது. துரோகி.

"நல்லா நடக்கறேன் பாருங்க. நீங்க கெளம்பலாம்."

கோப்பையைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். தெரியும் என்றேன். மகளைத் திட்டாதே என்றார். திட்டியாயிற்று என்றேன்.

என்ன தப்பு செய்தேன் என்று கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். கேட்டேன். "உம்மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளலாம். தப்பே இல்லை என்று சொல்கிறவரிடம் என்ன பேச முடியும்? வீட்டுக்குள் வந்தாலே யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, ரொம்ப வருஷமாகவே அப்படித்தான் என்றார். பாலத்துக்குப் போனதும் அதற்காகத்தானாம். முட்டி வலிக்கு முன்னாலேயா? முன்னாலேயே.

அப்போது எனக்குத் தாங்கவில்லை. "நல்லா இருக்கற பாதிய வெட்டி எறியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, நீங்களும் கேட்டீங்களே. நம்மகிட்ட ஒரு பாதிகூட நல்லா இல்லையா?"

அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அப்பா போனபோது. இப்போது இரண்டாவது தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதற்கெல்லாம் தனக்குப் பதில் சொல்லத் தெரியாது என்றார். உண்மைதான், தெரியாது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன பதில் எல்லாம் அவருக்காக நான் சொன்னதுதான்.

அப்புறம் கேட்டார். "மாடிப்படி?"

"மாடிப்படியும்."

"எறங்கும்போதும் வலிக்கலையா?"

இல்லை என்றேன். டீ ஆறிப்போயிருந்தது, இரண்டு பேரும் குடித்தோம்.

மே 18, ஞாயிறு

ஒன்றும் எழுத வரவில்லை.

மே 24, சனி

ஒரு பெட்டி, ஒரு தோள் பை, அவருடைய டூல்ஸ். அவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். இந்த வாரம் முழுக்க வீட்டில் ஏதாவது செய்துகொண்டே இருந்தார். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்தார். மேல் அலமாரியில் இருந்த பாத்திரங்களை எல்லாம் நான் ஏறாமல், குனியாமல் எடுக்கிற உயரத்தில் இறக்கி வைத்தார். வழுக்குகிற இடங்களில் ரப்பர் ஒட்டினார். டிரில் போடுகிற சத்தம் கேட்டு இரண்டாவது மாடிக்காரி வந்து பார்த்து, உனக்காக வீட்டையே மாற்றுகிறாரே என்றாள்.

வாசலில் நின்று, "எதாவதுன்னா போன் பண்ணு" என்றார். சரி என்றேன். பெட்டி கனம். ஒரு கையில் பெட்டி, மறு கையில் டூல்ஸ். படியில் மெதுவாக இறங்கினார். கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லையே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. பார்த்து, பார்த்து என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கீழே தெருக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நின்றேன். கால் வலிக்கவில்லை. வலித்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

பாவி மனுஷா. இவ்வளவு நல்லவரா இருந்துட்டுப் போகணுமா?

ஜூன் 2, திங்கள்

கடைக்குப் போனேன். முதலாளி எனக்காக ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். ஏணியில் ஏற வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கூட வேலை பார்க்கிறவள் காலைக் காட்டச் சொன்னாள், தழும்பைப் பார்த்து இவ்வளவு சின்னதா என்றாள். வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்றாள். நல்லா இருக்கார் என்றேன். இருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன். மறுபடியும்.

ஜூலை 12, சனி

மகள் குழந்தையோடு வந்திருக்கிறாள். ஒரு பகல் முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். சாயங்காலம் குழந்தை என் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதற்கப்புறம் எப்படி உர்ரென்று இருப்பது? பேசினோம், அழுதோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். அப்பா இளைத்துவிட்டார் என்று சொன்னாள். நான் குழந்தைக்கு வாய் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

ஆஸ்பத்திரியில் இன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. டாக்டர் அறையில் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னை நடக்கச் சொன்னார். உட்காரச் சொன்னார், எழச் சொன்னார், ஒரு படி ஏறி இறங்கச் சொன்னார். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் செய்தேன். புதுப் படத்தை விளக்கில் மாட்டி, உலோகம் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டினார். நடுவில் கொஞ்சம் இறுகிப்போய், அதிலிருந்து இவ்வளவு தூரம் மீண்டு வருகிறவர்கள் குறைவு என்றார். பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள்.

"ஆபரேஷன் பாதிதான், மீதி வீட்டுலதான் நடக்குது" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "வீட்டுல யாரும்மா பாத்துக்கிட்டாங்க?"

"வீட்டுக்காரர்."

"ரொம்ப நல்லா பாத்துக்கிட்டிருக்கார்."

"ஆமா டாக்டர். ரொம்ப நல்லா பாத்துக்கிட்டார்."

அதில் ஒரு எழுத்து பொய் இல்லை. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரையும் உள்ளே கூப்பிடுங்கள், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, "இவங்க கூட வந்தவங்க யாருங்க?" என்று கூப்பிட்டுவிட்டாள். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நர்ஸ் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

தனியாகத்தான் வந்தேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எல்லாரோடும் சேர்ந்து நானும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.